பதினோராவது கையெழுத்து

மலர்க்கொடிக்குக் கம்பி கட்டும் வேலையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1996-ல் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், தேவப்பிரியம் என்பவருடைய கடையில் துண்டு பொறுக்கச் சேர்ந்தாள். லாரியில் வந்து இறங்கும் கம்பியை ஆண்கள் இழுத்து வெட்டுவார்கள். வெட்டியதில் மிஞ்சும் ஒரு முழம், அரை முழத் துண்டுகளை அளவு பார்த்துப் பிரித்து அடுக்குவது பெண்கள் வேலை. ஆறு மில்லி ஒரு பக்கம், எட்டு ஒரு பக்கம், பத்து, பன்னிரண்டு. மூன்றே மாதத்தில் அவள் பார்க்காமலேயே, விரல் பட்டதும் அளவு சொன்னாள். தேவப்பிரியம் நாசரேத் பக்கத்துக்காரர், வாய் விட்டுப் பாராட்டுகிற மனிதர் இல்லை. அவரே ஒரு நாள், "ஏ பிள்ளே, இவ இருக்கப்பட்ட வரைக்கும் நம்ம கடையில ஒரு துண்டு வீணாப் போவாது கேட்டியா" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். மலர்க்கொடி அன்று இரவு அதை மகளிடம் இரண்டு முறை சொன்னாள்.

மகள் மாயாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா துறைமுகத்தில் சுமை இறக்கும்போது இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எம்.கே.பி. நகரில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல்.

அந்த ஜன்னலில்தான் மலர்க்கொடி தொழில் படித்தாள். ஒரு நாள் எண்ணூரில் ஒரு கட்டடத்துக்குக் கம்பி ஏற்றிப் போன லாரியில், கட்டுகளை எண்ணிக் கொடுக்க அவளை அனுப்பியிருந்தார்கள். அங்கே கம்பி கட்டுகிறவர்கள் கொக்கியைச் சுழற்றி மெல்லிய கம்பியால் முடிச்சுப் போடுவதை அரை நாள் நின்று பார்த்தாள். மறுநாள் ஒரு கொக்கி வாங்கினாள். ஜன்னலின் இரும்புக் கம்பியோடு கடையிலிருந்து கேட்டு வாங்கிய துண்டுகளைக் குறுக்கே வைத்து, சோறு வேகும் நேரமெல்லாம் முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், போட்டாள். எதிர் வீட்டு சாபிரா வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாமே மலரு, ஜன்னலுக்குத் தாலி கட்றியா?"

"ஆமா. இதுனா குட்ச்சிட்டு வராதில்ல."

பின்னால் அந்த சாபிராவும் அதே ஜன்னலில் நின்று முடிச்சுப் போட்டாள்.

இரண்டு வருடத்தில் மலர்க்கொடி தளங்களில் கம்பி கட்டினாள். வரைபடத்தில் எழுத்து கொஞ்சம்தான், எண்கள்தான் அதிகம். எண்கள் அவளுக்குப் பிரச்சினை இல்லை. கூலி மட்டும் சித்தாள் கூலி. பெண்ணென்றால் பாண்டு, அதாவது கான்கிரீட் சட்டி, தூக்குகிற சித்தாள்தான். அவள் கையில் கொக்கி இருந்தாலும் மேஸ்திரிகளின் கண்ணுக்குப் பாண்டுதான் தெரிந்தது.

1999-ல் அவள் மற்றப் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். முதலில் வந்தவள் அன்புக்கரசி. புளியந்தோப்புக்காரி, மலர்க்கொடியை விட ஆறு வயது பெரியவள், இருபது வருடமாகக் கான்கிரீட் சுமந்தவள்.

"எனுக்கு இன்னாடி தெரியும்? பாண்டு தூக்கத் தெரியும். வேற ஒண்ணியும் தெரியாது" என்றாள் அன்புக்கரசி.

மாயா அன்று கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டதை அவள் மறக்கவில்லை.

"யக்கா, பாண்ட தூக்கினு கம்பி மேல நட்க்க சொல்ல, எல்லா எடமும் ஒரே மாதிரியா கீது காலுக்கு?"

"எப்டி இருக்கும்? சில எடத்துல கம்பி தூக்கி உடும். சில எடத்துல காலோட எறங்கும். அங்க பயமா இருக்கும், தாண்டி வெப்பேன்."

"தூக்கி உடற எடத்துல கீய சிமென்ட்டுக் கல்லு வெச்சிக்கீறாங்க. எறங்கற எடத்துல கல்லு இல்ல. கல்லு இல்லன்னா கம்பி பலகைல ஒட்டிக்கும். கான்கிரீட்டு அத்த மூடாது. நாலு மய பேஞ்சா துரு புட்ச்சிடும்."

அன்புக்கரசி சற்று நேரம் தன் காலையே பார்த்தாள். வெடித்த குதிகால், விரல் இடுக்கில் சிமென்ட் தின்ற வடு.

"அடிப்பாவி. அப்ப இருவது வருசமா என் காலு பரிச்ச எய்திகினு கீது. மார்க்குதான் ஒருத்தனும் சொல்லல."

அதுதான் மலர்க்கொடியின் பாடம். புதிதாக வருகிறவளிடம் கொக்கியைக் கொடுக்கமாட்டாள். செருப்பைக் கழற்றச் சொல்வாள். கட்டி முடித்த கம்பி மேல் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நடக்க வைத்து, எங்கே இறங்குகிறது, எங்கே ஆடுகிறது, எங்கே முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று கேட்பாள். சுமந்து சுமந்து அவர்களுக்குள் சேர்ந்திருந்ததை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அதற்குப் பெயர் சொல்வாள். முடிச்சு ஒரு வாரத்தில் வந்துவிடும் என்பாள். கால் ஏற்கெனவே வந்துவிட்டது.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின மாலை எல்லாரும் வெறுங்காலோடு தளம் முழுவதும் நடப்பது வழக்கமாயிற்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கால் பாக்கறது'. சாரத்தில் நின்ற ஆண்கள், "இன்னா, சாமி ஊர்வலமா? வேட்டு வுடட்டா?" என்று கத்துவார்கள். "ஒன் வூட்டு மெத்தைத் தளம் இடியட்டும், அப்ப வேட்டு வுடு" என்று குழுவில் இருந்த பிலோமி திருப்பிக் கத்துவாள்.

மாயா பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்த வருடம், கம்பிக்கும் பலகைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒரு பாடம் வந்தது. படித்ததும் அவளுக்கு அம்மாவைச் சோதிக்கத் தோன்றியது. காலடிப்பேட்டையில் ஒரு தளத்தில் மாலையில் போய் நின்றாள். மலர்க்கொடி அந்தக் கம்பி வலை மேல் ஒரே ஒரு முறை நடந்து வந்து, "ஒம்போது எடத்துல கல்லு இல்ல" என்றாள். மாயா டார்ச் அடித்து, குப்புறப் படுத்து, கட்டம் கட்டமாக ஒரு மணி நேரம் தேடினாள். ஒன்பது. பத்தாவதை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. எழுந்தபோது அம்மா சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை என்று அவள் கேட்கவே இல்லை.

2003-ல் மலர்க்கொடியோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் இருந்தார்கள். பதினோரு பேருக்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தது. அதில் தொழில் என்ற இடத்தில் பதினோரு பேருக்கும் 'சித்தாள்' என்றே இருந்தது. அதை 'கம்பி கட்டுபவர்' என்று மாற்ற, வேலை வாங்கிய ஒரு மேஸ்திரி படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஒரு மேஸ்திரியும் போடவில்லை. போட்டால் முழுக் கூலி கேட்பார்கள். தங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். போடாவிட்டால் மலர்க்கொடி ஒருத்தி எப்படியாவது பிழைத்துக்கொள்வாள். மற்றப் பத்துப் பேரும் ஒவ்வொருவராகப் பாண்டுக்குத் திரும்புவார்கள். இரண்டு பேர் திரும்பிவிடப் பேசியும் வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தேவப்பிரியம் திருவொற்றியூரில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டத் தொடங்கினார். மேஸ்திரி வேலப்பன், வியாசர்பாடிக்காரர், ஐம்பது வயது, சொன்ன சொல்லை மாற்றாதவர். கம்பி வேலையை மலர்க்கொடிக்கே கொடுக்க வேண்டும் என்று தேவப்பிரியம் சொல்லிவிட்டார். வேலப்பனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு பேச்சுப் பேசினார்.

"இதோ பாரு மலரு. மெத்தை ஒயுங்கா வரட்டும். பலகை பிரிச்சி, ஒரு கீறல் இல்லாம நின்னுச்சின்னா பதினோரு பேருக்கும் போட்டுத் தரேன். ஒண்ணு ஏடாகூடமா ஆச்சி, என்னாண்ட கேக்கப்படாது."

"சரி நைனா" என்றாள் மலர்க்கொடி.

பன்னிரண்டு நாள் வேலை. இறுதி ஆண்டு மாணவியான மாயா சனி ஞாயிறுகளில் வந்து, வரைபடத்தோடு சரி பார்த்து நோட்டில் டிக் போடுவாள். கம்பியின் தடிமன், இடைவெளி, ஒன்றோடொன்று ஏறும் நீளம். எல்லாம் சரி.

கடைசிச் சனிக்கிழமை, முன்புறப் பால்கனி. மூன்று பக்கமும் தாங்க எதுவும் இல்லாமல் சுவரிலிருந்து நாலடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். அதன் உயிர் மேல் கம்பியில் இருக்கிறது. மேல் கம்பி மேலேயே இருக்க, அடியில் வளைத்த கம்பிக் கால்கள் வைப்பார்கள். தளத்தில் அதற்கு 'சேர்' என்று பேர். மலர்க்கொடி அன்று பதினெட்டு சேரையும் தானே வளைத்தாள். மிஞ்சிக் கிடந்த ஆறு மில்லித் துண்டுகளில் வளைத்தாள். சாத்தாங்காட்டில் கற்ற கை அது. துண்டு கண்ணில் பட்டால் வீணாக்காது. தேவப்பிரியம் வந்து பார்த்து, "பாத்தீரா மேஸ்திரி, புதுக் கம்பியத் தொடாம முடிச்சிட்டா" என்றார். மாயா எண்ணினாள். பதினெட்டு. டிக்.

"பாத்துட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"பாத்துட்டேன்மா."

சேர்கள் வைத்து முடித்ததும் பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். அப்போது வேலப்பன் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கற்பூரமுமாக மேலே வந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கே மிஷின் ஓட வேண்டும், அதனால் பூஜையை அன்றைக்கே முடித்துவிடுவதாகச் சொன்னார்.

"பூஜை ஆனதுக்கு அப்பால கான்கிரீட்டு உயுற வரைக்கும் பொம்பளைங்க காலு கம்பி மேல படக் கூடாது. எங்கப்பன் காலத்துப் பழக்கம்."

"கட்னதே நாங்கதான நைனா. பன்னெண்டு நாளா இதுமேலதான கீறோம்" என்றாள் சாபிரா.

"அது பூஜைக்கு முன்ன."

மலர்க்கொடிக்கு இந்த மாதிரிப் பழக்கங்களில் நம்பிக்கை கிடையாது. வீட்டில் இருப்பது புத்தர் படம் ஒன்றுதான். ஆனால் படிவங்கள் பையில் இருந்தன. ஒரு மாலைக்காகச் சண்டை வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். "வுடுங்க, காலைல பாத்துக்கலாம்" என்றாள். அவளுடைய நாலு வருட வழக்கத்தில் கால் பார்க்காமல் போன தளம் அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. சுமக்க ஆள் குறைந்ததால் கம்பி கட்டிய பெண்களில் எட்டுப் பேர் பாண்டு எடுத்தார்கள். பின் மூலையிலிருந்து போட்டுக்கொண்டு வந்தார்கள். பதினொன்றரைக்குப் பால்கனி வந்தது. முதல் பாண்டு அன்புக்கரசி தலையில். சுவரைத் தாண்டி வலது காலை வைத்தாள். நின்றுவிட்டாள்.

பின்னால் வந்த வரிசை முட்டிக்கொண்டது.

"நட யக்கா! இன்னா, கடல் காத்து வாங்கறியா?"

அன்புக்கரசி அசையவில்லை. தலையில் முப்பது கிலோ. காலை எடுத்து, ஒரு சாண் தள்ளி வைத்தாள். மறுபடி எடுத்து வைத்தாள்.

"மலரு" என்றாள். கத்தவில்லை. "இங்க வா. போவுது. திரும்ப வரல."

வேலப்பன் ஓடி வந்தார். "இன்னாமே வரல? கம்பின்னா மிதிச்சா எறங்கத்தான் செய்யும். கொட்டிட்டுப் போ!"

"எறங்கிட்டு ஏறணும் நைனா. இது ஏறல. பட்த்துக்குது."

மலர்க்கொடி பீம் பக்கத்திலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அன்புக்கரசி காட்டிய இடத்தில் நின்றாள். இரண்டு அடி நகர்ந்து நின்றாள். பிறகு உட்கார்ந்து, கம்பி வலைக்குள் கையை விட்டாள். அவள் விரல் சேரைத் தொட்டதும் முகம் மாறியதை மாயா பார்த்தாள். சேரின் கால்கள் மடங்கிக் கிடந்தன. ஆறு மில்லி மெல்லிய கம்பி. துணி வேண்டுமானால் காயப் போடலாம். சுமையோடு ஆள் நடக்கத் தாங்காது.

மாயா டேப்பை இறக்கி அளந்தாள். பலகையிலிருந்து மேல் கம்பி வரை நாலு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை. அவள் மனதுக்குள் கணக்கு ஓடியது. பாதிப் பலம் போய்விட்டது. கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. நாலு வாரம் கழித்து அடி முட்டு எடுக்கும் அன்று தெரியும். அல்லது அன்றும் நின்று, ஒரு கல்யாணத்துக்கு இருபது பேர் அதில் நின்று வேடிக்கை பார்க்கும்போது தெரியும்.

தேவப்பிரியம் கீழேயிருந்து கூப்பிட்டார். "என்னவே மேஸ்திரி, மிசின் சும்மா ஓடுது? எதுக்கு நிறுத்திட்டீரு?"

வேலப்பன் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல நிறுத்துனா பழசும் புதுசும் ஒட்டாம ஜாயிண்ட்டு உயும், மலரு. மேல இஸ்து கட்டிட்டு ஓட்டு. கான்கிரீட்டு கெட்டியாயிட்டா எல்லாம் புட்ச்சிக்கும்."

"புடிக்காது நைனா."

"எவ வளைச்சா இந்த சேர? கத்துக்குட்டி எவளோ வளைச்சிக்கீறா. எவ அவ?"

பதினோரு பெண்களும் மேலே இருந்தார்கள். வரிசையில் ஆண்கள் இருந்தார்கள். பிலோமி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான் வளைச்சேன்" என்றாள் மலர்க்கொடி. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பதினெட்டும் என் கை. துண்டுல வளைச்சது என் தப்பு. கால் பாக்காம வுட்டதும் என் தப்பு."

மாயா நோட்டைக் கையில் வைத்திருந்தாள். 'சேர்: 18' என்பதற்கு எதிரே அவளுடைய டிக் இருந்தது. எண்ணினேனே தவிர என்ன கம்பி என்று பார்க்கவில்லை என்று சொல்ல அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்து, அழுத்தி, விட்டது.

பிறகு மலர்க்கொடி இடுப்பிலிருந்த கொக்கியை உருவி அன்புக்கரசியிடம் நீட்டினாள்.

"நீ சொல்லுக்கா. எங்கெங்க, எத்தினி?"

அன்புக்கரசி அப்போதுதான் தலையிலிருந்த பாண்டை இறக்கினாள். பால்கனியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நாலு நடை.

"பத்து மில்லி, முறுக்குக் கம்பி. இருவத்தாறு. அடிக்கு ஒண்ணு. செவுத்தாண்ட இன்னும் நெருக்கமா." பிறகு வேலப்பனைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒரு மேஸ்திரிக்கு அவள் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. "நைனா, மிசின நிறுத்தாதீங்க. எடது பக்கத்து ரூம்ப போட்டுகினு இருங்க. இந்த ஓரத்துல ஈரச் சாக்கு போடச் சொல்லுங்க. காய்றதுக்குள்ள வந்துடறோம்."

போட்ட ஓரம் இறுகுவதற்குள் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரம் இருந்தது. பிலோமி கீழே ஓடிப் புதுக் கம்பியில் வெட்டினாள். சாபிரா வளைத்தாள். வளைக்கும் பலகையில் ஆணிகளுக்கு நடுவே கம்பி போய் வந்துகொண்டே இருந்தது. அன்புக்கரசி வைக்கும் இடம் சொல்ல, மலர்க்கொடி குப்புறப் படுத்து, வலைக்குள் கையை விட்டு ஒவ்வொரு சேராக நிறுத்தினாள். கை முழுக்கக் கீறல். ஒவ்வொன்றுக்கும் "போதுமா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் செவுத்துப் பக்கம்" என்று அன்புக்கரசி சொன்னால் நகர்த்தினாள். ஆண்கள் யாரும் சிரிக்கவில்லை. மிக்சர் சத்தத்தில் இந்த இரண்டு குரல்தான் மாயாவுக்குக் கேட்டது. சொல்லிக் கொடுத்தவள் கேட்கிறாள், கற்றுக்கொண்டவள் சொல்கிறாள். இரண்டு பேர் குரலிலும் ஒரு பிசிறு இல்லை.

ஐம்பது நிமிடம். மாயா அளந்தாள். நாலு அங்குலம், இருபது இடத்தில், இம்மி பிசகாமல். அன்புக்கரசி மறுபடி நடந்தாள். "ஏறுது" என்றாள். அவளே பாண்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து முதல் கான்கிரீட்டைக் கொட்டினாள்.

இருபத்தெட்டாம் நாள் பால்கனியின் முட்டுகளை வெளி ஓரத்திலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கீறல் இல்லை. தொய்வு இல்லை. வேலப்பன் நூல் பிடித்துப் பார்த்தார். தேவப்பிரியம் வந்து பார்த்தார். பிறகு வேலப்பன் படிவங்களைக் கேட்டார். ஒரு சிமென்ட் மூட்டை மேல் வைத்து, மெதுவாக, பெயர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பத்துப் படிவம். பதினோராவதை எடுத்து மலர்க்கொடியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சேரு வளைக்கத் தெரியாதவளுக்கு நான் எப்டி கம்பி கட்றவன்னு போட்றது?"

அன்புக்கரசிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ இல்லன்னா நாங்க ஏது? ஒனக்கு மனசாட்சி கீதா மேஸ்திரி? அவுளுக்குப் போடலன்னா எங்களுதையும் கிய்ச்சிப் போடு!"

"இன்னாக்கா பேசற" என்றாள் மலர்க்கொடி. அவள் முகத்தில் வருத்தம் இருந்ததாக மாயாவுக்கு நினைவில்லை. பத்துப் படிவங்களையும் வாங்கி, மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் பையில் போட்டாள். "அவரு சொன்னது நாயம்தான். வாங்க, டீ சாப்டலாம்."

அதற்குப் பிறகு நாலு வருடம். பத்துப் பேர் நாற்பத்து மூன்று பேர் ஆனார்கள். அன்புக்கரசிக்குத் தனிக் குழு, பிலோமிக்குத் தனிக் குழு. எண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்த ஆலைகளில்கூட வேலை. வேலப்பனைப் பார்த்து மற்ற மேஸ்திரிகளும் கையெழுத்துப் போட, எல்லாருடைய அட்டையிலும் கம்பி கட்டுபவர். மலர்க்கொடி அட்டையில் சித்தாள். மாயா டிப்ளமா முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வேறு ஏதாவது மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளம்மா, இப்போது யார் வேண்டுமானாலும் போடுவார்கள் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள். "ஆவட்டும், பாக்கலாம்" என்பாள் அம்மா. அவளிடம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் என்று மாயா நினைத்திருந்தாள்.

2007 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, மலர்க்கொடி வேலையிலிருந்து வந்து தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆறு மணி நேரம். நாற்பத்து இரண்டு வயது.

பத்தாம் நாள் மாயா தரையில் உட்கார்ந்து, வாரியத்தின் ஈமச் சடங்கு உதவிக்கான படிவத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பெயர் எழுதியாகிவிட்டது. முகவரி எழுதியாகிவிட்டது. எதிரே அன்புக்கரசி. அப்போது வேலப்பன் வந்தார். உடம்பு இளைத்திருந்தார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, படிவத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"தொயில் எய்தற எடம் எது காட்டு. கம்பி கட்டுபவர்னு போடு. நான் கையெயுத்துப் போட்டுத் தரேன். நாலு வருசம் முன்ன தேதி போட்டாக்கூட போடறேன். யாரு கேக்கப் போறா?"

"அன்னைக்கே போட்டிருக்கலாம் மேஸ்திரி" என்றாள் மாயா.

"போட வந்தேம்மா. ரெண்டு தபா வந்தேன். மொத தபா ஆறு மாசத்துல. அந்த பால்கனில தேவப்பிரியம் வூட்டு விசேசத்துல கூட்டம் நின்னுச்சி. நான் கீய நின்னு பாத்துகினு இருந்தேன். எனுக்கு அங்க நிக்கவே முடியல. இஸ்து கட்டிட்டு ஓட்டுன்னு சொன்னவன் நானு. நேரா இங்க வந்துட்டேன். இதே எடம். ஒங்கம்மா இன்னா சொன்னா தெரியுமா?" "சேரு தப்பா வளைச்சவளுக்கும் போட்டுட்டன்னா, அந்தப் பத்து கையெயுத்துக்கு இன்னா நைனா மரியாத, சும்மா போட்டுக் குட்த்த மாதிரி ஆயிடும்ல, அப்டின்னா. சோறு போட்டு அனுப்புனா. ரெண்டாவது தபாவும் அதேதான். அப்பால நான் வர்ல."

அன்புக்கரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது. பத்துப் பேரில் ஒருத்திக்கும் தெரியாது.

மாயா தளங்களில் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறாள். எவ்வளவு சுமையை எது தாங்கும் என்பதுதான் அவள் படிப்பு. நாற்பத்து மூன்று பேருடைய பெயரை ஒருத்தி நாலு வருடம் அடியில் நின்று தாங்கியிருக்கிறாள், மேலே இருந்தவர்களுக்குத் தெரியாமலே. அதற்கு எந்தச் சூத்திரமும் அவளிடம் இல்லை.

"அன்னைக்கு சேர் பாத்து டிக் போட்டது நான், மேஸ்திரி" என்றாள். "எண்ணித்தான் பாத்தேன். தொட்டுப் பாக்கல."

"தெரியும்" என்றார் வேலப்பன். "அன்னைக்கு ஒன்ன புட்ச்ச ஒங்கம்மா கைய நான் பாத்துகினுதான் இருந்தேன்."

பேனாவை நீட்டியபடியே இருந்தார். மாயா அதை வாங்கிக்கொண்டாள். தொழில் என்ற இடத்தில் எழுதினாள். மையைக் காயவிட்டாள்.

அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். "இன்னா எய்தின?"

"சித்தாள்."

அன்புக்கரசி அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கீழே, உடன் வேலை செய்தவர் சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. அவள் எழுதப் பழகி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. வேகமாக வராது. முதலில் பெயர். அதற்குப் பக்கத்தில் தொழில். ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்திப் பிடித்து, 'கம்பி கட்டுபவர்' என்று எழுதி முடிக்கும்வரை மாயாவும் வேலப்பனும் காத்திருந்தார்கள்.